கருப்பைச் சார்கோமாவும் முதல் அறுவையும்

கருப்பையில் உண்டாகும் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை நார்க்கட்டிகளே. அவை புற்று அல்ல. பலருக்குச் சிகிச்சைகூடத் தேவைப்படுவதில்லை. எனினும் நார்க்கட்டியின் தோற்றத்திலேயே, சார்கோமா எனப்படும் மென்திசுப் புற்று மிக அரிதாக மறைந்திருப்பதுண்டு. கருப்பைப் புற்றுகளுள் நூற்றுக்கு 3 முதல் 7 வரையே இவ்வகையின. அரிது என்பதனாலேயே அது ஐயுறப்படுவதில்லை.

உதிரப்போக்கு, அடிவயிற்றுக் கனம், வலி ஆகிய அறிகுறிகள் இரண்டிற்கும் பொதுவானவை. ஆனால், மாதவிடாய் நின்ற பின்னரும் கட்டி வளருமாயின் அதை நார்க்கட்டி என்று ஒதுக்கிவிடலாகாது. கருப்பையின் உட்சவ்வைச் சுரண்டியெடுத்துச் சோதித்தாலும், தசைச்சுவரின் ஆழத்திலுள்ள புற்று தப்பிவிடக்கூடும். எம்.ஆர்.ஐ. படம் பெரிதும் துணைபுரியும், முடிவாகச் சொல்லாது. செல்களின் உருமாற்றம், செல்பிரிவின் மிகுதி, திசு மடிவு ஆகியவற்றை நுண்ணோக்கியில் கண்டு கூறும் நோய்க்குறியியல் வல்லுநரின் சொல்லே முடிவானது. பெரும்பாலும் அச்சொல் அறுவைக்குப் பின்னரே கிடைக்கிறது. எனவேதான் முதல் அறுவையை எவ்வாறு செய்வது என்பது உயிர்ப்பிரச்சினையாகிறது.

சிறு துளை வழியே கட்டியை எடுப்பதற்காக, அதனை வயிற்றுக்குள்ளேயே இயந்திரத்தால் துண்டாக்கும் முறை ஒரு காலத்தில் அமெரிக்காவில் பரவலாயிருந்தது. மறைந்திருந்த சார்கோமா அவ்வாறு வெட்டப்பட்டால் அதன் துணுக்குகள் வயிற்றறையெங்கும் சிதறிவிடும். 2014 ஏப்ரலில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இதனை எச்சரித்தது. நார்க்கட்டி என்று கருதி அறுவை செய்துகொள்ளும் 350 பெண்களுள் ஒருவருக்குச் சார்கோமா இருக்கக்கூடும் என அது மதிப்பிட்டது. அவ்வெண்ணிக்கை மிகை என வாதிட்டோரும் உண்டு. துண்டாக்குவதன் தீங்கு பற்றி வாதமில்லை.

சார்கோமா என்ற ஐயமிருப்பின் கருப்பையைச் சிதைக்காமல் முழுமையாக அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் பரவும் இயல்பு இதற்குண்டு. ஆதலின் மார்புப் படமும் அவசியம். பரவிய தசைச் சார்கோமாவிற்கு டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் அளிக்கப்படுகின்றன. உட்சவ்வின் இணைப்புத்திசுவில் தோன்றும் மென்மையான வகையோ ஈஸ்ட்ரோஜனால் வளர்வது; அதற்கு ஹார்மோனைத் தடுக்கும் மருந்து பயன்படும். பல ஆண்டுகள் கழித்தும் அது மீளக்கூடும் என்பதால் கண்காணிப்பும் நெடியதாதல் வேண்டும்.

சிறு மருத்துவமனையில் அகற்றப்பட்ட கருப்பை, 'சாதாரணக் கட்டிதானே' என்று சோதனைக்கு அனுப்பப்படாமற் போனால் இவை யாவும் வீணே. ஒரு குப்பிப் பார்மலினும் சரியாக எழுதிய சீட்டும் பெரும் செலவல்ல. ஐயத்திற்கிடமான திசுவின் மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் நோயாளியிடமே கொடுத்து அனுப்பினால், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் அவற்றை மறுபடியும் ஆராய இயலும்.