பின்பலகையும் இயந்திரமும்

கொழும்பு மாநகரில் மாளிகாவத்தைக்கும் மோதரைக்கும் இடையிலுள்ள தூரம் அதிகமன்று. மாளிகாவத்தையை அடுத்த பஞ்சிகாவத்தையில் மோட்டார் வாகன உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. மோதரையிலோ, களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. ஓரிடத்தில் இரும்பு; மற்றோரிடத்தில் மரம். இவ்விரண்டையும் ஒன்றாகப் பூட்டுவது எளிய வேலையெனப் பலரும் எண்ணுவர். நல்ல இயந்திரமொன்றை வாங்கிப் படகின் பின்புறத்தில் மாட்டிவிட்டால் போதும் என்பது அவர்கள் கருத்து. ஆனால் கடல் சோதிப்பது இயந்திரத்தை மட்டுமன்று. அதைத் தாங்கி நிற்கும் பலகையையுந்தான்.

நம் முன்னோரின் கடற்கலங்களிற் பலவற்றுக்குப் பின்பலகை என்பதே இல்லை. கட்டுமரத்துக்கு அது வேண்டியதில்லை. புறமிதவை பூட்டிய தோணி இரு முனையும் கூர்ந்தது. அலையை முன்னும் பின்னும் ஒருங்கே பிளந்து செல்வதற்காகவே அவ்வாறு அமைத்தனர். இக்கலங்களின் அமைப்பை ஜேம்ஸ் ஹோர்னல் என்னும் அறிஞர் 1943ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதியுள்ளார். பாய் மரக்கலத்தை அதன் நடுப்பகுதியிலிருந்து இழுத்துச் சென்றது. துடுப்பு இரு பக்கங்களிலும் சுமையைப் பகிர்ந்தது.

பின்னர் வந்தது வெளியிணைப்பு இயந்திரம். அமெரிக்காவில் ஓல் எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்ட இயந்திரம் 1½ குதிரைவலுவும் ஏறத்தாழ 62 இறாத்தல் எடையும் கொண்டது. இலங்கையில் மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கும் முயற்சி 1950களில் வேகம் பெற்றது. வடக்கே காரைநகரில் 1967ஆம் ஆண்டளவில் நோர்வே நாட்டினரின் உதவியுடன் தொடங்கிய சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளையும் கட்டியது. ஆயினும் மரப் படகு மறைந்துவிடவில்லை. பழைய படகைப் பழுதுபார்த்துப் புதிய பின்பலகை பொருத்தி இயந்திரம் பூட்டுவோர் இன்றும் உளர். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டுவன சில உண்டு.

முதலாவது, பின்பலகை சுமக்கும் பாரம் யாது என்பது. 25 குதிரைவலு இயந்திரம் ஏறக்குறைய 50 கிலோ எடையுள்ளது. எனினும் எடையைவிடப் பெரிது அதன் தள்ளுவிசை. சுழல்விசிறி நீருக்குள் ஆழத்தில் நின்று முன்னோக்கித் தள்ளுகிறது; இயந்திரத்தின் பிடியோ மேலே பலகையின் விளிம்பைக் கவ்வி நிற்கிறது. அலவாங்கினால் கல்லைப் பெயர்ப்பவனுக்கு இதன் தன்மை எளிதில் விளங்கும். பிடியின் கீழ்ப்பாகம் பலகையை முன்னே அழுத்த, மேல்விளிம்பு பின்னோக்கி வளைகிறது. ஒவ்வோர் அலையிலும் இந்த வளைவு மீண்டும் மீண்டும் நிகழும். ஆகவே பலகை தனித்து நிற்றல் ஆகாது. உள்ளிருந்து முட்டுக்கட்டைகள் அதனை ஏராவோடும், அதாவது படகின் அடிமரத்தோடும், இரு பக்கங்களோடும் பிணைக்க வேண்டும். அப்பொழுது விசை முழுப் படகுக்கும் பரவும். அவ்வாறு பிணைக்காவிடில், எவ்வளவு தடித்த பலகையும் ஒரு நாள் பிளந்துவிடும்.

இரண்டாவது, மரத்தின் நலம். உப்புநீர் மரத்தைக் கெடுக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைக்கு உகந்தது மழைநீரே. ஆணித் துளையிலும் பலகையின் வெட்டுமுனையிலும் அது மெல்லப் புகுந்து தங்கிவிடுகிறது. வெளியே வர்ணம் மினுங்க, உள்ளே மரம் பஞ்சாகிவிடும். சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்து, மந்தமான ஓசை கேட்கும் இடத்தைக் கூரிய கத்தியாற் குத்திச் சோதிப்பது பழைய தச்சரின் வழக்கம். உளுத்த பாகத்தை மூடி மறைப்பதால் பயனில்லை; நல்ல மரம் தென்படும்வரை வெட்டி நீக்கவேண்டும். ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தினால் அது நீருக்கு நெகிழாத பசையால் ஒட்டப்பட்டதாக இருத்தல் அவசியம். அதன் ஓரங்களை நன்றாக அடைத்துவிடுதலும் அவ்வாறே.

மூன்றாவது, உயரமும் சாய்வும். குறுந்தண்டு இயந்திரத்துக்குப் பின்பலகையின் உயரம் ஏறத்தாழ 15 அங்குலம். நெடுந்தண்டு இயந்திரத்துக்கு 20 அங்குலம். சுழல்விசிறிக்குச் சற்று மேலே கிடையாக அமைந்த தகடு, படகின் அடித்தளத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் தாழ்வாகவோ நிற்பது நன்று. மேலேறினால் விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரும் குறையும். மிகத் தாழ்ந்தால் இழுவை கூடி எரிபொருள் விரயமாகும். பலகை பின்புறமாக ஏறக்குறைய 12 பாகை சாய்ந்திருப்பது வழக்கம். செங்குத்தாக நின்றால் அணியம், அதாவது முன்முனை, மேலே தூக்கி ஓடும். அதற்கு ஆப்புவடிவக் கட்டையொன்று வைத்துச் சரிசெய்யலாம்.

நான்காவது, இணைக்கும் ஆணிகள். பஞ்சிகாவத்தைக் கடையில் லொறிக்கென விற்கப்படும் சாதாரண இரும்புச் சுரையாணி, லொறிக்கு ஏற்றதே. கடலில் அது துருப்பிடித்துத் தன்னைச் சூழ்ந்த மரத்தையும் கெடுக்கும். துருவேறாத உருக்கு அல்லது வெண்கல ஆணியே தகும். இயந்திரத்தின் கைத்திருகுகள் அதிர்வினாற் தளர்வதுண்டு. ஆகையால் பலகையை ஊடுருவும் ஆணிகளும் வேண்டும். உட்புறத்தில் அகன்ற தகடு வைத்துச் சுரையை முடுக்கி, துளைகளை நீர் புகாமல் அடைக்கவேண்டும். இயந்திரத்தைப் படகோடு இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியொன்றும் இன்றியமையாதது. முதல் ஓட்டத்தை அமைதியான நீரில் நடத்தி, கரை சேர்ந்ததும் எல்லாச் சுரைகளையும் மறுபடி முடுக்கிப் பார்த்தல் நன்று.

இவற்றையெல்லாம் கவனியாது விட்டால் வருவது பண நட்டம் மட்டுமன்று. இயந்திரத்துக்காகப் பின்பலகையின் விளிம்பைத் தாழ வெட்டிய படகு, பின்னிருந்து வரும் அலைக்கு வாயைத் திறந்து கொடுத்ததாகும். ஆற்றுமுகத்திலே அலைகள் உடைந்து புரளும். அங்கே பலகை பிளந்து இயந்திரம் கழன்றால், படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். அடுத்த அலை அதைக் கவிழ்க்கும். ஆகவே வெட்டிய இடத்துக்கு முன்னால் நீரை மறித்து வெளியே வடியச் செய்யும் தொட்டியமைப்பு ஒன்றும் வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை இந்நாட்டின் மீன்பிடிக் கலங்களிற் பெரும்பகுதியை அழித்தும் சேதப்படுத்தியும் சென்றது. அதன்பின் படகுகள் விரைந்து கட்டப்பட்டன. அவற்றுட் சில தரங்குறைந்தவையென ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் கவலை தெரிவித்தது. இழந்தவருக்கு விரைவில் படகு கொடுப்பது அறமே. ஆனால் அப்படகு அவரைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதுவும் அறத்தின் பகுதியே ஆகும்.

இயந்திரத்தின் விலையை எல்லாரும் கேட்பர். அதன் வலுவையும் கேட்பர். பலகையைப் பற்றிக் கேட்பவர் சிலரே. கரையில் நிற்கும்போது ஒரு நாட்பொழுதைச் செலவிட்டு அதைத் தட்டிப் பார்ப்பவருக்கு, நடுக்கடலில் அதைப் பற்றி நினைக்கும் தேவை நேராது.