ஆடுகளமும் ஓர் அமானிதமே!

 



அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்தே அருள்மறையின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகின்றது. அதைக் கேட்கும்போது நம் நினைவு கடைத்தெருவுக்கே செல்கிறது. ஆனால் தராசு கடையில் மட்டும்தானா இருக்கிறது? ஓட்டப் பந்தயத்தில் நேரம் பார்க்கும் கடிகாரம் ஒரு தராசு. நடுவரின் விசில் ஒரு தராசு. மாணவனின் பிறந்த தேதிச் சான்றிதழும் ஒரு தராசே. இவற்றில் கை வைப்பவன் எடைக்கல்லில் கை வைப்பவனுக்குச் சற்றும் குறைந்தவன் அல்லன்.

போட்டியில் நீதி

விளையாட்டை மார்க்கம் வெறுக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்று மெலிவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் எனத் தனித்தனி எல்லைகளை வகுத்தார்கள். அப்பந்தயத்தில் தாமே கலந்துகொண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கின்றார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது.

இதிலுள்ள நீதியைக் கவனியுங்கள். வலிமை மிக்கதை வலிமை குன்றியதோடு மோதவிட்டு அதற்கு வெற்றி என்று பெயர் சூட்டவில்லை. இன்று பள்ளி விளையாட்டுகளில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர், பதினேழு வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிப்பதும் இதே நீதியைக் கருதித்தான். பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பதினான்கு என்று சான்றிதழ் தயாரித்துக் களத்தில் இறக்கினால், எதிரே நிற்கும் ஏழைப் பிள்ளையின் உரிமை பறிபோகிறது. இன்று மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கின்றார்கள். காகிதம் பொய் சொன்னாலும் எலும்பு பொய் சொல்வதில்லை. மறுமையில் கைகால்கள் சாட்சி கூறும் என்று நம்புகின்ற நமக்கு இது பெரியதோர் எச்சரிக்கை அல்லவா?

தோல்வியை ஏற்கவும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அவர்களுடைய அள்பா என்னும் ஒட்டகத்தைப் பந்தயத்தில் எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்கள் மனம் வருந்தினார்கள். நாயகமோ, இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதையும் இறைவன் ஒருநாள் தாழ்த்தியே தீருவான் என்ற கருத்தை விளக்கி அவர்களைத் தேற்றினார்கள். தோற்கத் தெரியாதவனே மோசடி செய்கிறான்.

நம் நாட்டில் நடந்தது

2010ஆம் ஆண்டு அக்டோபரில் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. மகளிர் நான்கு முறை நானூறு மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியா தங்கம் வென்றது. அடுத்த மாதமே குவாங்சோ ஆசியப் போட்டியிலும் தங்கம். நாடே மகிழ்ந்தது. அடுத்த ஆண்டின் நடுவில் அந்த மகிழ்ச்சி தலைகுனிவாக மாறியது. தங்கம் வென்ற நால்வரில் மூவரும், பயிற்சி முகாமிலிருந்த வேறு சிலரும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினர்.

பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் என்னும் சத்துப் பொருளே காரணம் என்றும், அதில் என்ன கலந்திருந்தது என்று தாங்கள் அறியவில்லை என்றும் வீராங்கனையர் முறையிட்டனர். பயிற்சியாளரான உக்ரைன் நாட்டு யூரி ஒகரோத்னிக் 2011 ஜூலையில் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வு பெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை அமைக்கப்பட்டது. வீராங்கனையருக்கு முதலில் ஓராண்டுத் தடையே விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2012 ஜூலையில் பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக உயர்த்தியது. இலண்டன் ஒலிம்பிக் அவர்களுக்குக் கைநழுவிப் போனது.

சகோதரர்களே! இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, “ஆசான் கொடுத்தார், நான் உண்டேன்” என்பது முழு விடுதலை தரவில்லை. தன் உடலுக்குள் செல்வதற்கு அவரவரே பொறுப்பு என்பது அங்குள்ள சட்டம். மற்றொன்று, ஆசானும் தப்பவில்லை. படைப்பினத்துக்குக் கட்டுப்படுவதற்காகப் படைத்தவனுக்கு மாறு செய்யலாகாது என்ற மார்க்க விதியை நாம் அறிவோம். ஆசானுக்குக் கட்டுப்படுவது கடமை. ஆனால் பாவத்தில் கட்டுப்பாடு இல்லை.

அறியவில்லை என்றால் போதுமா?

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி பெரும் புகழ் வாய்ந்தது. அந்நாட்டுக் கால்பந்தில் பயிற்சியாளர்கள் ஓரத்தில் நின்று சைகைகளால் ஆட்டக்காரர்களுக்கு உத்தி சொல்வார்கள. இனி மோதவிருக்கும் அணிகளின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்பி வேவு பார்ப்பது அங்கே விதிமீறல். மிச்சிகன் அணியின் ஊழியர் ஒருவர் பல ஆட்டங்களுக்குச் சீட்டு வாங்கி ஆட்களை அனுப்பி, அந்தச் சைகைகளைப் படம் பிடிக்கச் செய்தார் என்பது 2023இல் வெளியாயிற்று.

தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். எனினும் அவ்வாண்டு நவம்பரில் மூன்று ஆட்டங்களுக்கு அவர் களத்துக்கு வரக் கூடாதெனத் தடுக்கப்பட்டார். அணி அப்பருவத்தில் தேசிய வாகையும் சூடியது. ஆயினும் விசாரணை நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தின் மீது பெருந்தொகை அபராதமும், ஹார்பாவைக் கல்லூரி விளையாட்டில் பணியமர்த்துவதைக் கட்டுப்படுத்தும் பத்தாண்டு ஆணையும் பிறப்பிக்கப்பட்டன. தமக்குக் கீழுள்ளோர் செய்யும் விதிமீறலுக்குத் தலைமைப் பயிற்சியாளரே பொறுப்பு என்னும் விதி அங்கே 2023 ஜனவரி முதல் கடுமையாக்கப்பட்டிருந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்ததும் இவ்வகையே. நியூசிலாந்து மகளிர் கால்பந்து அணியின் பயிற்சியைக் கனடா அணியினர் ட்ரோன் பறக்கவிட்டு வேவு பார்த்தனர். தலைமைப் பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மன் உட்பட மூவருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அணியின் ஆறு புள்ளிகளும் கழிக்கப்பட்டன. ட்ரோனைத் தொடாத வீராங்கனையர் பிரிவில் மூன்று ஆட்டங்களையும் வென்றே கால் இறுதிக்குச் செல்ல வேண்டியதாயிற்று. தலைவரின் பாவச்சுமை குற்றமற்றோரின் தோள்மீதும் ஏறியது. வேவு பார்ப்பதை 49ஆம் அத்தியாயத்தில் இறைவன் ஏன் தடுத்தான் என்பது இங்கே விளங்குகிறது.

நம் ஊர் வழக்கிலிருந்தே பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் மாவு கலந்திருந்தால் அடுப்படியில் கிண்டிய தொழிலாளியையா கேட்கிறோம்? கடைக்காரரைத்தான் கேட்கிறோம். இராஜபாளையம் நூற்பாலையில் சொன்ன எண்ணில் நூல் வராவிட்டால் பொறுப்பாளரே முன்னே வந்து நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் மந்தையைப் பற்றி வினவப்படுவர் என்ற நபிகளாரின் போதனையும் அதுவே.

தண்டனையிலும் நீதி வேண்டும்

“வெற்றி தேடித் தரும் ஆசிரியர் ஆயிற்றே, கண்டுகொள்ளாமல் விடுவோம்” என்று சிலர் சொல்லக்கூடும். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர், ஒரு பகுதி தமக்கு அன்பளிப்பாக வந்தது என்று ஒதுக்கி வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்டார்கள். பதவியில் இருப்போரின் பிழை மறைக்கப்படவில்லை. அதே வேளையில் அவருடைய பெயரைச் சொல்லி அங்கே இழிவுபடுத்தவும் இல்லை. செயலையே கண்டித்தார்கள்.

ஆகவே ஒரு பயிற்சியாளர் மீது புகார் எழுந்தால் முதலில் தீர விசாரிக்க வேண்டும். கேட்டதையெல்லாம் பரப்புவது பாவம். குற்றம் உறுதியானால் பதவி, புகழ், உறவு எதையும் பார்க்காமல் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்க வேண்டும். தூண்டிய பெரியவருக்கும் துணைபோன சிறுவனுக்கும் ஒரே அளவு தண்டனை தருவது நீதியாகாது. ஊக்கமருந்துத் தடுப்பின் உலக விதிகளும் இதை உணர்ந்துள்ளன. பிறருக்கு மருந்து கொடுத்த பயிற்சியாளருக்கு நான்காண்டு முதல் ஆயுட்காலம் வரை தடை விதிக்கலாம். சிறுவருக்குக் கொடுத்தால் அது மிகக் கடுமையான மீறலாகக் கொள்ளப்படும். நம் நாட்டிலும் 2022இல் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

வீட்டிலிருந்தே தொடங்குவோம்

பெற்றோர்களே! விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடமும் அரசுப் பணியும் கிடைக்கின்றன. அந்த ஆசையே பலரை வழுக்கி விழச் செய்கிறது. பொய்ச் சான்றிதழால் பெற்ற பணியின் ஊதியத்தை முப்பது ஆண்டுகள் நம் பிள்ளை உண்ண வேண்டுமா? அதைக் கொண்டு நம் பேரப்பிள்ளைகளை வளர்க்க வேண்டுமா? சிந்தியுங்கள்.

பிள்ளையின் பையில் இருக்கும் மாவும் மாத்திரையும் யார் கொடுத்தவை என்று கேளுங்கள். மருத்துவரிடம் காட்டாமல் உண்ண விடாதீர்கள். தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு மருந்துகள் கல்லீரலைக் கெடுக்கும். இளம் பெண்களின் குரலையும் மாதவிடாயையும் மாற்றிவிடும். பிள்ளை தோற்று வரும் நாளில், “ஏன் தோற்றாய்?” என்று கேட்பதற்கு முன், “நேர்மையாக ஆடினாயா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே அவனுக்குக் கேடயம்.

இளவல்களே! வயதை மறைக்கவோ மருந்து உண்ணவோ உங்கள் ஆசிரியர் சொன்னால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். வீட்டில் தெரிவியுங்கள். அணியில் இடம் போனாலும் ஈமானில் இடம் போகாது.

உடற்கல்வி ஆசிரியர்களே! உங்கள் மாணவர்கள் தாய் தந்தையர் பேச்சைவிட உங்கள் பேச்சை நம்புகின்றார்கள். அந்த நம்பிக்கை அமானிதம். அதைக் காத்து நிற்பவருக்குக் கோப்பையைவிட மேலான கூலி இறைவனிடம் உண்டு.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு உடல் வலிமையோடு உள்ளத் தூய்மையையும் தந்தருள்வாயாக! எங்கள் பொறுப்பில் உள்ளோரைக் குறித்து நாங்கள் வினவப்படும் நாளில் எங்களைத் தலைகுனியச் செய்யாதிருப்பாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!