பத்து சென்டில் நட்டுப் பாருங்கள்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மடகாஸ்கர் நாட்டில் 1980-களில் உருவான திருந்திய நெல் சாகுபடி முறையை நீங்கள் அறிவீர்கள். அறிந்தும், "14 நாள் நாற்று, அதுவும் குத்துக்கு ஒன்று, பிழைக்குமா?" என்று போகத்துக்குப் போகம் தள்ளிப் போடுபவர்கள் பலர். கடன் வாங்கிப் பயிர் செய்பவருக்கு இந்த அச்சம் இயல்புதான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தால் அச்சம் வளருமே தவிர விடை கிடைக்காது.

முழு வயலையும் மாற்ற வேண்டாம். தண்ணீரை வடிக்க வசதியுள்ள 10 சென்ட் நிலத்தை ஒதுக்குங்கள். அதற்கு 300 கிராம் விதையும், 4 சதுர மீட்டர் மேட்டுப்பாத்தியும் போதும். நாற்றை வேர் மண்ணோடு எடுத்து, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுங்கள். மீதி வயல் வழக்கம்போல் இருக்கட்டும்.

நட்ட பின் சுமார் மூன்று வாரம் வயல் வெறிச்சென்று தெரியும். சோதனை அங்கேதான். பக்கத்து வயல்காரர் சிரிப்பார். இடையில் நாலு நாற்றைச் செருகிவிட உங்களுக்கே கை பரபரக்கும். செருகாதீர்கள், அந்தக் கையில் கோனோ களைக்கருவியைப் பிடியுங்கள். நட்ட 10-ஆம் நாள் தொடங்கி, 10 நாளுக்கு ஒருமுறையாக நான்கு தடவை குறுக்கும் நெடுக்கும் உருட்டுங்கள். களை சேற்றில் அமுங்கும். வேருக்குக் காற்று கிடைக்கும். பக்கத் தூர்கள் கிளம்பும்.

பிறகு இரண்டு வயலிலும் ஒரு சதுர மீட்டர் அளந்து தூர்களை எண்ணுங்கள். குத்துக்குக் குத்து எண்ணினால் கணக்கு ஏமாற்றிவிடும், ஏனெனில் இடைவெளி வேறு. அறுவடையிலும் சம பரப்பைத் தனித்தனியே அறுத்து எடை போடுங்கள். அந்தத் தாளோடு அடுத்த முகாமுக்கு வாருங்கள். உங்கள் கணக்கை வைத்தே பேசுவோம்.