நேதாஜியை யூத வெறுப்பாளர் என்று சொல்லலாமா?



அரவேணு பஸ் நிறுத்தத்து டீக்கடைகளில் பச்சைத் தேயிலை விலையைப் பற்றி அலுத்துக்கொண்டு முடித்தவர்கள் அடுத்துக் கையிலெடுப்பது அரசியல்தான். ஜனவரி 23 நெருங்கினால் பேச்சுக்குள் நேதாஜி வந்துவிடுவார். மலையில் தேயிலை பறிக்க வந்த குடும்பங்களில் மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள் உண்டு, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் உண்டு, மலேயாவில் ரப்பர் பால் வெட்டப் போனவர்களின் சொந்தக்காரர்களும் உண்டு. இவர்கள் வீட்டுச் சுவர்களில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ராணுவத் தொப்பியோடு நேதாஜி நிற்பதைப் பார்க்கலாம்.

"ஹிட்லரோட கை குலுக்கினவர்தானே அய்யா உங்க நேதாஜி?" என்று கல்லூரிப் பையன் ஒருவன் கிளப்பிவிடுவான். "பின்னே, வெள்ளைக்காரன்கிட்ட பிச்சை கேட்டுக்கிட்டு நிக்கணுமா தம்பி?" என்று பெரியவர் எகிறுவார். டீ ஆறிவிடும், வாதம் ஆறாது.

அந்த வாதத்தை இன்று கொஞ்சம் ஆவணங்களோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நேதாஜி என்ற சுபாஷ் சந்திர போஸ் 1938இல் காங்கிரஸின் தலைவர். 1939 மே மாதம் ஃபார்வர்ட் பிளாக்கைத் தொடங்கியவர். அப்படிப்பட்ட கட்சித் தலைவர் ஒருவர் மீது, லண்டனிலிருந்து வெளிவந்த 'ஜூயிஷ் கிரானிகிள்' என்ற யூதர்களின் பத்திரிகை, இந்தியாவின் யூத விரோதத் துரோகி என்ற அளவுக்குக் கடுமையான பட்டத்தைச் சூட்டியது. போரின் நடுவில் வந்த குற்றச்சாட்டுதான். ஆனால் போரோடு அது முடிந்துவிடவில்லை. இன்றைக்கும் வரலாற்றாசிரியர்கள் அதைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெரியவரின் பக்கத்திலிருந்து தொடங்குவோம். அவர் கையில் வலுவான சான்றுகள் இருக்கின்றன.

1936 ஜனவரியில் மியூனிக்கில் பேசிய ஹிட்லர், வெள்ளை இனம் உலகை ஆளப் பிறந்தது என்ற பொருளில் முழங்கினார். அப்போது ஐரோப்பாவில் இருந்த போஸ் சும்மா இருக்கவில்லை. மார்ச் மாதம் ஆஸ்திரியாவின் பாட்காஸ்டைன் என்ற ஊரிலிருந்து, ஜெர்மன் அகாதமியின் டாக்டர் தியர்ஃபெல்டருக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மனியின் புதிய தேசியவாதம் குறுகியது, சுயநலமானது, திமிர் பிடித்தது என்று நேருக்கு நேர் சொன்னார். ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் தெருவில் அவமானப்படுத்தப்படுவதைப் பற்றி அதற்கு முன்பே புகார் செய்தவர் அவர். பின்னாளில், 1942 மே மாத இறுதியில் ஹிட்லரைச் சந்தித்தபோதுகூட, அவருடைய நூலில் இந்தியர்களை இழிவாகப் பேசும் பகுதியைத் திருத்தும்படி கேட்டார். ஹிட்லரிடம் போய் உங்கள் புத்தகத்தைத் திருத்துங்கள் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வந்திருக்கும்?

இன்னொரு சான்று ஒரு நட்பு. கிட்டி குர்ட்டி என்ற யூதப் பெண்ணும் அவருடைய கணவரும் 1930களில் பெர்லினில் போஸுக்கு நெருக்கமானவர்கள். பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்த கிட்டி, போஸைப் பற்றி அன்போடு ஒரு சிறு நூல் எழுதினார். ஜெர்மனியை விட்டுப் போய்விடுங்கள் என்று அவர்களை வற்புறுத்தியவர் போஸ். மனத்தில் யூத வெறுப்பு இருந்தவர் இப்படிச் செய்வாரா என்று பெரியவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இப்போது பையனின் பக்கம்.

1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு ஜெர்மனி முழுக்க யூதர்களின் ஜெபக்கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைக் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன, ஏறக்குறைய 30,000 ஆண்கள் முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். செய்தி உலகமெல்லாம் பரவியது. அந்த நாட்களில் காங்கிரஸின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் போஸ்.

அதே மாதம் 26ஆம் தேதி காந்தி 'ஹரிஜன்' இதழில் யூதர்களைப் பற்றி எழுதினார். ஜெர்மனியில் நடப்பதற்கு வரலாற்றில் ஈடு இல்லை என்றார். ஆனால் யூதர்கள் சத்தியாகிரகம் செய்ய வேண்டும் என்று அறிவுரையும் சொன்னார். ஹிட்லரின் நாட்டிலிருந்து தப்பி ஜெருசலேம் சேர்ந்திருந்த தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர், 1939 பிப்ரவரியில் அதற்கு வலியும் மரியாதையும் கலந்த ஒரு பதில் எழுதினார். காந்தியின் அறிவுரை மோசமானது என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் அவர் அந்தத் துயரத்தைத் துயரமென்று வாய்விட்டுச் சொன்னார். நேரு ஒரு படி மேலே போனார். துரத்தப்படும் யூதர்களுக்கு இந்தியா புகலிடம் தர வேண்டும் என்று காங்கிரஸ் காரியக் கமிட்டியில் ஒரு தீர்மானத்தை வைத்தார்.

தீர்மானம் நிறைவேறவில்லை. போஸ் அதற்கு எதிராக இருந்தார். இது யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை. 1939 மார்ச் 28ஆம் தேதி, உடல்நலம் குன்றி ஜியல்கோரா என்ற ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது போஸே நேருவுக்கு எழுதிய மிக நீண்ட கடிதத்தில் இது இருக்கிறது. இந்தியாவை யூதர்களின் அடைக்கல இடமாக்கும் தீர்மானத்தை நீங்கள் கொண்டுவந்தபோது நான் திகைத்துப்போனேன் என்று எழுதுகிறார். வெளிநாட்டுக் கொள்கை என்பது நாட்டின் சொந்த நலனைப் பார்த்து வகுக்க வேண்டிய விஷயம், உணர்ச்சி நுரை பொங்கி வகுப்பதல்ல என்று கண்டிக்கிறார். ஜெர்மனியையும் இத்தாலியையும் திட்டிவிட்டுப் பிரிட்டிஷ், பிரெஞ்சு ஏகாதிபத்தியங்களுக்கு நற்சான்றிதழ் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்கிறார். தன்னை இப்படிக் கிழித்த கடிதத்தை நேருவே 1958இல் தன் பழைய கடிதங்களின் தொகுப்பில் சேர்த்து அச்சிட்டார். இன்றைக்கு எந்தக் கட்சித் தலைவராவது செய்வாரா, தெரியவில்லை.

போஸின் பக்கத்து நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தீர்மானத்தை நிராகரித்தது அவர் ஒருவர் மட்டுமல்ல, காரியக் கமிட்டி. உலகமும் அன்று யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளுக்காகக் கண்ணீர் வடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டன. பிரிட்டன் 1939 மே மாதம் பாலஸ்தீனத்துக்குள் யூதர்கள் நுழைவதற்கு ஐந்தாண்டுகளுக்கு 75,000 பேர் என்று வரம்பு வைத்தது. போஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஆங்கிலேயர்கள் முதலில் அந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வந்து சேர்ந்த அகதிகளால் இந்தியாவுக்கு என்ன நஷ்டம்? வால்டர் காஃப்மன் என்ற யூத இசைக்கலைஞர், கார்ல்ஸ்பாடில் பிறந்தவர், ஹிட்லரின் காலத்தில் 1934இல் பம்பாய் வந்து சேர்ந்தார். அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். விடியற்காலையில் ஆகாசவாணி நிலையம் திறக்கும்போது தம்புராவின் சுருதியில் வயலின் எழுந்து வருமே, தலைமுறை தலைமுறையாக நாம் கண்விழித்த அந்த அடையாள இசை, அதை அமைத்தவர் அவர் என்றுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. 1946 வரை இங்கிருந்தார். பிறகு அமெரிக்காவில் குடியேறி, வட இந்திய ராகங்களைப் பற்றியும் தென்னிந்திய ராகங்களைப் பற்றியும் பெரிய நூல்கள் எழுதினார். நேருவின் தீர்மானம் நிறைவேறியிருந்தால் இப்படி இன்னும் எத்தனை பேர் வந்திருப்பார்களோ.

இனி பெர்லினுக்கு வருவோம். 1939 செப்டம்பர் 3ஆம் தேதி போஸ் சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். யாரோ அவர் கையில் ஒரு மாலைப் பத்திரிகையைக் கொடுத்தார்கள். பிரிட்டன் போரில் இறங்கிவிட்டது என்று அதில் இருந்தது. காத்திருந்த வாய்ப்பு வந்துவிட்டது என்று அவர் முடிவு செய்த கணம் அது. 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து தப்பி, காபூல் வழியாக, இத்தாலியப் பெயர் ஒன்றில், ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்தார்.

1941 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியில் யூதர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அக்டோபரில் பெர்லினின் குரூனவால்ட் ரயில் நிலையத்திலிருந்து யூதர்களைக் கிழக்கே ஏற்றி அனுப்புவது தொடங்கியது. போஸ் அப்போது அதே நகரத்தின் ஷார்லாட்டன்பர்க் பகுதியில் வசித்தார். அங்கிருந்த யாரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. 1942 ஜனவரியில் போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தி, ஆங்கிலம், வங்காளி என்று பல மொழிகளில், தமிழிலும் பேசியது. சிங்கப்பூர் விழுந்த நான்காம் நாள், பிப்ரவரி 19ஆம் தேதி, போஸின் குரலே அதில் ஒலித்தது. அடிமைப்பட்ட மக்களின் விடுதலையைப் பற்றி உணர்ச்சி பொங்கப் பேசிய அந்த வானொலி, தெருமுனையில் நட்சத்திரம் தைத்து நிற்க வைக்கப்பட்ட மக்களைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அன்றே அதை மூடியிருப்பார்கள் என்பதும் உண்மைதான்.

அதே 1942இல்தான், நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் 'ஆங்கிரிஃப்' பத்திரிகையில் போஸ் பெயரில் ஒரு கட்டுரை வந்ததாக ஜூயிஷ் கிரானிகிள் எழுதியது. யூதர்கள் பிரிட்டனோடு சேர்ந்து இந்தியாவைச் சுரண்டினார்கள், எனவே யூத எதிர்ப்பு இந்திய விடுதலை இயக்கத்தின் பகுதியாக வேண்டும் என்பது அதன் சாரம். அவர் மீதான குற்றச்சாட்டில் மிகக் கடுமையானது இதுதான், ஆதாரம் மிக மெலிந்ததும் இதுதான். கோயபல்ஸின் தாளில் ஒருவர் பெயருக்குக் கீழே அச்சான சொற்களெல்லாம் அவர் சொற்கள்தானா என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. போஸ் வேறெங்கும் அப்படிப் பேசியதுமில்லை. எனவே அந்தக் கட்டுரையை வைத்து அவரைத் தூக்கிலேற்ற நான் தயாரில்லை. அவரே கையெழுத்திட்ட கடிதம் இருக்கும்போது அந்தக் கட்டுரை நமக்குத் தேவையும் இல்லை.

இந்த மாதிரி வழக்கு நம் காலத்திலும் நடந்தது. பிரிட்டனின் லேபர் கட்சிக்கு 2015 முதல் 2020 வரை தலைவராக இருந்த ஜெரமி கார்பின் மீதும் யூத வெறுப்புக் குற்றச்சாட்டு எழுந்தது. 1984இல் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னால் இனவெறியை எதிர்த்துப் போராடிக் கைதானவர் அவர், அவரையா சொல்கிறீர்கள் என்று ஆதரவாளர்கள் கொதித்தார்கள். 2020 அக்டோபரில் வெளிவந்த சமத்துவ, மனித உரிமை ஆணையத்தின் அறிக்கை அவருடைய இதயத்துக்குள் எட்டிப்பார்க்கவில்லை. கட்சி யூத உறுப்பினர்களின் புகார்களை எப்படிக் கையாண்டது, எங்கே சட்டத்தை மீறியது, தலைவரின் அலுவலகம் எங்கே தலையிட்டது என்று பார்த்தது. பிரச்சினையின் அளவை அரசியல் காரணங்களுக்காகப் பெரிதுபடுத்திவிட்டார்கள் என்று கார்பின் சொன்னார். அன்றே கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. அது சரியா தவறா என்று அங்கே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த ஆணையம் விசாரித்த விதம். உள்ளம் எப்படிப்பட்டது என்று கேட்டால் அன்பர்கள் சத்தியம் செய்வார்கள், எதிரிகள் சாபம் விடுவார்கள். என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார் என்று கேட்டால் காகிதம் பேசும்.

காகிதம் போஸைப் பற்றிச் சொல்வது இதுதான்: அவர் யூதர்களை வெறுத்தார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. யூதர்களின் துன்பத்தை அவர் கணக்கில் எடுக்க மறுத்தார் என்பதற்குச் சான்று உண்டு, அவர் கைப்படவே உண்டு. இனத்திமிர் என்றால் என்ன என்று அறியாதவரும் அல்ல. இந்தியர் மீது அது பாய்ந்தபோது 1936இல் உடனே பேனாவை எடுத்தவர். யூதர் மீது பாய்ந்தபோது தேச நலன் என்ற தராசை எடுத்தார். அதை வெறுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர் நினைப்பதுபோல அது ஒன்றுமில்லாத விஷயமும் அல்ல.

அந்தத் தராசு தமிழர்களையும் நிறுத்துப் பார்த்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1943 ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்தபோது மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் அலை அலையாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சென்னை மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். வாழ்நாளெல்லாம் கங்காணிக்குத் தலை குனிந்தவர்களுக்கு முதுகு நிமிர்ந்தது. அந்தப் பெருமை போஸ் கொடுத்தது, அதை யாரும் பறிக்க முடியாது. அதே தோட்டங்களிலிருந்து அதே நாட்களில் ஜப்பானியர்கள் பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஜப்பான் போஸின் கூட்டாளி நாடு. அதனால் அதைப் பற்றியும் மேடையில் பேச்சு இல்லை. அந்த ரயில் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன. அதே மாதம் 21ஆம் தேதி சிங்கப்பூரில் போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். 1757இலிருந்து தொடங்கி இந்தியர்களின் போராட்டங்களை வரிசையாகச் சொல்லும் அந்தப் பிரகடனத்தில், தண்டவாளத்துக்கு அடியில் போன தோட்டத் தமிழர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.