தலைக்கு மேல ஆயிரம் அடி

 

இன்னைக்கு ஒரு ஜன்னல் சீட்ல இருந்து ஆரம்பிக்கலாம். சென்னையில இருந்து சிங்கப்பூர் போற ஃபிளைட். எனக்கு ஏ சீட், இடது பக்க ஜன்னல். கீழே வங்காள விரிகுடா. திடீர்னு எதிர்த் திசையில இருந்து இன்னொரு விமானம் வந்துச்சு. எங்களுக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளைக் கோடு இழுத்துக்கிட்டு. "அட, விமானம்!"னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள காணாமப் போயிடுச்சு. பக்கத்து சீட்ல இருந்த பெரியவர், "என்ன தம்பி, இவ்வளவு பக்கத்துல போறான்?"னு கேட்டார். அவருக்கு அன்னைக்கு ஒழுங்கா பதில் சொல்லத் தெரியலை. அந்தப் பதில்தான் இந்த எபிசோட்.

முதல்ல கணக்கு. ரெண்டு விமானமும் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர்ல எதிரெதிரா வருதுன்னு வைங்க. ஒண்ணை ஒண்ணு நெருங்குற வேகம் 1800. அதாவது ஒரு விநாடிக்கு அரை கிலோமீட்டர். ரெண்டுக்கும் நடுவுல மேல்-கீழா இருக்க வேண்டிய இடைவெளி 1000 அடி, சுமார் 300 மீட்டர். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதுக்கும் பேர் விமானம்தான், பாருங்க! அந்த மாதிரி அஞ்சு விமானத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா இந்த இடைவெளியைத் தாண்டிடும். அவ்வளவுதான் இடம்.

ஆனா ஒரு காலத்துல இது 2000 அடியா இருந்தது. 29,000 அடிக்குக் கீழே 1000, அதுக்கு மேல 2000. உலகம் முழுக்க 1966ல இருந்து இதுதான் விதி. மேலே போகப் போக இடைவெளி ஏன் அதிகமாகணும்? வானம் பெருசுங்கிறதால இல்லை. உயரத்தை அளக்கிற கருவி மேலே போனா தடுமாறும்.

விமானத்துல உயரம் எப்படித் தெரியும்? ஜி.பி.எஸ்.னு நினைப்பீங்க. இல்லை. இன்னைக்கும் காற்றழுத்தம்தான். விமானத்தோட பக்கவாட்டுல சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், ஸ்டாட்டிக் போர்ட்னு பேர். அது வழியா வெளியே இருக்கிற அழுத்தத்தை எடுத்து, ஆல்டிமீட்டர் அதை உயரமா மாத்திக் காட்டும். உயரமா பறக்கும்போது எல்லா விமானமும் 1013.25 ஹெக்டோபாஸ்கல்ங்கிற ஒரே எண்ணை அடிப்படையா வச்சுக்கும். அதனால "ஃபிளைட் லெவல் 350"னு சொன்னா அது கடல் மட்டத்துல இருந்து சரியா 35,000 அடின்னு அர்த்தம் இல்லை. எல்லார் கடிகாரமும் ஒரே மாதிரி தப்பா ஓடினா யாரும் பஸ்ஸை விட மாட்டாங்க இல்லையா, அந்த மாதிரி.

சிக்கல் எங்கேன்னா, தரைக்குப் பக்கத்துல ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினா உயரம் சுமார் 27 அடி மாறும். 35,000 அடியில காத்து மெலிசு. அங்கே அதே ஒரு ஹெக்டோபாஸ்கல் கிட்டத்தட்ட 90 அடி. அதே சின்னப் பிழை மேலே மூணு மடங்கா வீங்கிடுது. அந்தக் காலத்துக் கருவிகளை நம்பி 1000 அடி கொடுக்க யாருக்கும் தைரியம் வரலை. நியாயம்தான்.

ஆனா அதுக்கு ஒரு விலை இருந்தது. 29,000ல இருந்து 41,000 வரைதான் ஜெட் விமானங்களுக்குப் பிடிச்ச இடம், எரிபொருள் கம்மியா செலவாகும். அங்கே மொத்தம் ஏழே அடுக்கு. கிழக்கே போறவங்களுக்கு நாலு, மேற்கே போறவங்களுக்கு மூணு. ஒரே திசையில அடுத்த அடுக்குக்கு ஏறணும்னா 4000 அடி தாண்டணும். எடை அதிகமா இருக்கிற விமானத்தால அது முடியாது. எரிபொருள் தீர்ந்து எடை குறையுற வரைக்கும் கீழேயே, கூடுதலா எரிச்சுக்கிட்டு ஓடணும். இடைவெளியை 1000 ஆக்கினா ஏழு அடுக்கு பதிமூணு ஆகும். இதுக்குப் பேர் ஆர்.வி.எஸ்.எம்., ரெட்யூஸ்டு வெர்டிகல் செபரேஷன் மினிமம்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகேஓ, 1970களோட கடைசியில ஆரம்பிச்சு வருஷக்கணக்கா இதை ஆராய்ஞ்சது. 1997 மார்ச்ல முதல் முறையா வட அட்லாண்டிக்ல நடைமுறைக்கு வந்தது. 2002 ஜனவரி 24, ஐரோப்பாவும் வட ஆப்பிரிக்காவுல சில நாடுகளும் ஒரே நாள்ல மாறின. நம்ம பக்கம், இந்தியாவும் வங்காள விரிகுடாவும், 2003 நவம்பர் 27. அமெரிக்கா 2005, சீனா 2007, ஆப்பிரிக்கா 2008, ரஷ்யா 2011. சீனாவுல இன்னும் ஒரு கூத்து: அவங்க உயரத்தை மீட்டர்ல சொல்வாங்க. அதனால எல்லையைத் தாண்டுற பைலட் கையில ஒரு மாற்று அட்டவணை இருக்கணும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதிக்கு வரேன். ஒரு விமானத்தோட ஆல்டிமீட்டர் தப்பா இருந்தா யாருக்குத் தெரியும்? யோசிச்சுப் பாருங்க. பைலட்டுக்குத் தெரியாது, அவர் முன்னாடி 35,000னுதான் காட்டும். தரையில இருக்கிற கன்ட்ரோலருக்கும் தெரியாது. அவர் ஸ்கிரீன்ல வர்ற எண்ணே அந்த விமானத்தோட டிரான்ஸ்பாண்டர் அனுப்புறதுதான். மோதலைத் தடுக்கிற டி.சி.ஏ.எஸ். கருவியும் அதே எண்ணைத்தான் நம்புது. பொய் சொல்றவனே சாட்சிக்கும் வந்து நிக்கிற கதை.

அதனால வெளியில இருந்து ஒருத்தர் அளக்கணும். ஐரோப்பாவுல ஆஸ்திரியாவின் லின்ஸ், ஜெர்மனியின் நட்டன்ஹைம், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா மாதிரி இடங்கள்ல தரையில கண்காணிப்பு நிலையங்கள் வச்சாங்க. மேலே பறக்கிற விமானத்தோட சிக்னலை அஞ்சாறு இடத்துல பிடிச்சு, அது வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வச்சு உண்மையான உயரத்தைக் கண்டுபிடிப்பாங்க. வானிலைத் தகவலோட சேர்த்து, விமானம் சொல்ற உயரத்தோட ஒப்பிடுவாங்க. சராசரிப் பிழை 80 அடியைத் தாண்டக் கூடாதுங்கிறது ஒரு வரம்பு. ஒரு மாடல்ல சில விமானங்களை மட்டும் ஒரு தடவை அளந்துட்டு விட முடியாது, திரும்பத் திரும்ப அளக்கணும். ஏன்னா ஸ்டாட்டிக் போர்ட்டைச் சுத்தி இருக்கிற தகடு லேசா நெளிஞ்சாலோ, பெயின்ட் மேடு பள்ளமா இருந்தாலோகூட அழுத்தம் மாறிடும். அடுத்த தடவை ஏறும்போது கதவுப் பக்கம் பாருங்க, சில விமானங்கள்ல அந்த ஓட்டைகளைச் சுத்திக் கோடு போட்டு வச்சிருப்பாங்க.

அங்கீகாரம் வாங்க ஒவ்வொரு விமானத்துலயும் தனித்தனியா உயரம் அளக்கிற ரெண்டு அமைப்பு, உயரத்தைத் தானே பிடிச்சு வைக்கிற ஆட்டோபைலட், உயரம் விலகினா கத்துற அலாரம், டிரான்ஸ்பாண்டர் எல்லாம் வேணும். நடுவழியில ஏதாவது பழுதானா பைலட் ரேடியோவுல "அனேபிள் ஆர்.வி.எஸ்.எம்."னு சொல்லணும். சொன்ன உடனே கன்ட்ரோலர் அவரைச் சுத்தி பழைய 2000 அடியைத் திருப்பிக் கொடுப்பார்.

பாதுகாப்புக்கு வச்சிருக்கிற இலக்கு என்ன தெரியுமா? எல்லாக் காரணமும் சேர்த்து, நூறு கோடி பறக்கும் மணிநேரத்துக்கு அஞ்சு உயிரிழப்பு விபத்துக்கு மேல போகக் கூடாது. அதுல கருவிப் பிழைக்குப் பங்கு பாதிதான், 2.5. மீதிப் பாதி மனுஷங்களுக்கு. கருவி தன் பங்கைத் தாண்டாமப் பார்த்துக்கிறது கஷ்டமா இல்லை. தலைவலி எல்லாம் அந்த இன்னொரு பாதியிலதான்.

இந்தியா உள்பட ஆசியாவின் பல நாடுகளுக்கு இந்தக் கணக்கைப் பார்க்கிறது பாங்காக்ல இருக்கிற 'மார்'ங்கிற கண்காணிப்பு அமைப்பு. ஒரு விமானம் 300 அடியோ அதுக்கு மேலயோ விலகினா அதுக்கு ரிப்போர்ட் போகணும். நம்ம பகுதியில அப்படி வர்ற ரிப்போர்ட்கள்ல அடிக்கடி தலைகாட்டுற காரணம், ஒரு கன்ட்ரோல் சென்டர் அடுத்த சென்டருக்கு விமானத்தை ஒப்படைக்கிற இடத்துல நடக்கிற குளறுபடி. "35,000ல வருது"னு பக்கத்து நாட்டுக்குச் சொல்லிட்டாங்க. நடுவுல விமானம் 37,000க்கு ஏறிடுச்சு. திருத்தம் போய்ச் சேரலை. கடலுக்கு நடுவுல ரேடாரும் இல்லைன்னா, அந்த விமானம் யாரும் எதிர்பார்க்காத அடுக்குல நுழையுது. ஆல்டிமீட்டர் அடி பிசகாம வேலை செய்யுது. ஃபோன் கால்தான் தப்பு.

2006 செப்டம்பர் 29, பிரேசில். ஒரு லெகசி சின்ன ஜெட் வடமேற்கே மனாவுஸ் நோக்கிப் போகுது. மனாவுஸ்ல இருந்து கோல் நிறுவனத்தோட போயிங் 737 எதிர்ல வருது. ஒரே வான்வழி. லெகசி ஃபிளைட் பிளான்படி பிரேசிலியாவுக்கு அப்புறம் 36,000க்கு இறங்கியிருக்கணும். இறங்கலை, இறங்கச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. அதோட டிரான்ஸ்பாண்டரும் சிக்னல் அனுப்புறதை நிறுத்திடுச்சு, அதை யாரும் சரியா கவனிக்கலை. ரெண்டும் 37,000 அடியில. டிரான்ஸ்பாண்டர் இல்லைன்னா டி.சி.ஏ.எஸ். குருடு. லெகசியோட இறக்கை நுனி 737ஓட இடது இறக்கையை அறுத்தது. 737ல இருந்த 154 பேரும் இறந்துட்டாங்க. லெகசி தள்ளாடிப் போய் ஒரு விமானப்படைத் தளத்துல இறங்குச்சு, அதுல இருந்த ஏழு பேரும் பிழைச்சாங்க.

இதுல மனசை உறுத்துறது எது தெரியுமா? ரெண்டு விமானமும் கோட்டு மேல துல்லியமா பறந்ததுதான் மோதலுக்கு வழி பண்ணுச்சு. பழைய காலத்து வழிகாட்டும் கருவிகளா இருந்திருந்தா ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம்னு விலகியே பறந்திருக்கும். ஜி.பி.எஸ். வந்தப்புறம் எல்லாரும் நடுக்கோட்டுலயே போறாங்க. உயரத்துல தப்பு நடந்தா தப்பிக்க இடமே இல்லை.

அந்த கோல் ஃபிளைட் நம்பர் 1907. 1996 நவம்பர் 12 அன்னைக்கு டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில சவுதி விமானத்தோட மோதின கஜகஸ்தான் ஃபிளைட் நம்பரும் 1907. தற்செயல்தான், ஆனா படிச்சப்போ ஒரு நிமிஷம் உறைஞ்சுபோனேன். அங்கே ஒண்ணுக்கு 15,000 அடி, இன்னொண்ணுக்கு 14,000 அடி கொடுத்திருந்தாங்க. கஜகஸ்தான் விமானம் 15,000க்குக் கீழே இறங்கிடுச்சு. 349 பேர். அதுவும் ஆயிரம் அடி விதியோட குறை கிடையாது.

சரி, எல்லாரும் விதிப்படி, சொன்ன உயரத்துல, சரியா பறந்தா?

2017 ஜனவரி 7. அரபிக் கடல். மாலேயில இருந்து அபுதாபி போற ஒரு சேலஞ்சர் 604, 34,000 அடியில. ஒன்பது பேர். எதிர்ல துபாய்ல இருந்து சிட்னி போற ஏ380, 35,000 அடியில. நடுவுல ஆயிரம் அடி. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை. ஏ380 தலைக்கு மேல கடந்து போச்சு. அவ்வளவு பெரிய விமானம் போன பாதையில ரெண்டு இறக்கை நுனியில இருந்தும் காத்து சுழலா கிளம்பி, மெதுவா கீழே இறங்கும். ஒரு நிமிஷத்துல சில நூறு அடி. சேலஞ்சர் அந்தச் சுழலுக்குள்ள நேரா போச்சு. விமானம் உருண்டுச்சு, சுமார் 9000 அடி விழுந்துச்சு, ஒரு இன்ஜினை நிறுத்த வேண்டியதாச்சு. உள்ளே இருந்தவங்களுக்குக் காயம். பைலட்டுகள் எப்படியோ பிடிச்சு, இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி, மஸ்கட்ல இறக்கினாங்க. எல்லாரும் உயிரோட வந்தாங்க. ஆனா உடம்பு தாங்க முடியாத அளவுக்கு அழுத்தம் வாங்கின அந்த விமானத்தைப் பழுது பார்க்க முடியாதுன்னு ஓரங்கட்டிட்டாங்க.

ஏர்போர்ட்ல பெரிய விமானத்துக்குப் பின்னால இறங்குற சின்ன விமானத்துக்கு இத்தனை மைல்னு தனி இடைவெளி உண்டு. மேலே கடந்து போறப்போ அப்படி எதுவும் இல்லை, யாரா இருந்தாலும் அதே ஆயிரம் அடி. சம்பவத்துக்கு அப்புறம் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2017லயே இதைப் பத்தி ஓர் எச்சரிக்கைக் குறிப்பு போட்டுச்சு. ஆனா எண்ணை மாத்தலை. என்னைக் கேட்டா, சின்ன ஜெட்டுக்கு நேர் மேல ஏ380 வரும்போது மட்டுமாவது 2000 கொடுத்தா என்னன்னு தோணுது. பதிமூணு அடுக்கும் நிறைஞ்ச வானத்துல அது எவ்வளவு கஷ்டம்னு கன்ட்ரோலர்கள் சொல்வாங்க, அதுவும் புரியுது.

இப்போதைக்கு இருக்கிற சுலபமான மருந்து, கொஞ்சம் ஒதுங்குறது. கடலுக்கு மேல பல வான்வெளிகள்ல பைலட் நடுக்கோட்டுல இருந்து வலது பக்கமா ரெண்டு கடல் மைல் வரைக்கும் தானே விலகிப் பறக்கலாம். இதுக்குப் பேர் ஸ்லோப். உயரத்துல தப்பு நடந்தாலும் மோத மாட்டாங்க, மேல இருக்கிறவரோட சுழலும் தலையில விழாது. பிரேசில் கதையைக் கேட்டப்புறம் துல்லியமான கருவியை வச்சுக்கிட்டு வேணும்னே கோட்டை விட்டு விலகுறது எவ்வளவு புத்திசாலித்தனம்னு உங்களுக்கே தெரியும்.

எதிர்ல வர்றவர் அவரோட வலது பக்கம் ஒதுங்கினா, அது நமக்கு இடது பக்கம். அன்னைக்கு நான் உட்கார்ந்திருந்தது ஏ சீட், இடது ஜன்னல். அந்த விமானம் நேர் கீழே போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. பெரியவர்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாம். அவர் நம்பர் வாங்க மறந்துட்டேன்.