எலும்பும் கிணற்று நீரும்



எலும்பு நோய் என்று சொன்னவுடன் நம் மனத்தில் தோன்றுவன இரண்டு. ஒன்று, மரத்திலிருந்தோ வாகனத்திலிருந்தோ விழுந்து கைகால் முறிவது. மற்றொன்று, முதியோரை வாட்டும் முழங்கால் வலி. இவ்விரண்டுக்கும் எலும்பு மருத்துவம் நல்ல வழி கண்டிருக்கிறது. முறிந்த எலும்பை நேர்படுத்தி, மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் அது தானே கூடிவிடும். அவ்வாறு கூடாத முறிவை உலோகத் தகடும் திருகாணியும் கொண்டு இணைக்கிறார்கள். முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்தவருக்கு உடல் எடையைக் குறைத்தலும் தொடைத் தசைகளுக்கான பயிற்சியும் முதல் மருந்து. தேய்வு முற்றினால் செயற்கை மூட்டுப் பொருத்துகிறார்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு. அது விழுவதால் வருவதன்று. முதுமையால் வருவதும் அன்று. குடிக்கும் தண்ணீரால் வருவது. புளோரோசிஸ் என்பது அதன் பெயர். திண்டுக்கல் சமவெளியில் வாழும் நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டியது அந்த நோயையே.

எலும்பு உயிரற்ற கல் அன்று. பழைய எலும்பு கரைவதும் புதிய எலும்பு படிவதும் நம் உடலில் ஓயாது நடைபெறுகின்றன. அது சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்து உருவானது. தண்ணீரில் கரைந்து வரும் புளோரைடில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மறுபகுதி எலும்பில் தங்கிவிடும். வளரும் பிள்ளைகளின் எலும்பில் தங்குவது இன்னும் மிகுதி. இவ்வாறு பல ஆண்டுகள் சேரச் சேர எலும்பு அடர்த்தி பெறும். ஆனால் உறுதி பெறாது. எலும்புகளைப் பிணைக்கும் நார்களிலும் சுண்ணாம்பு படியும். கழுத்து திரும்பாது, முதுகு வளையாது, சம்மணமிட்டு அமர்ந்தவர் எழ இயலாது. பூட்டுக்குப் பெயர்பெற்ற நம் ஊரில், மனிதரின் மூட்டையும் பூட்டிவிடுகிறது இந்தப் புளோரைடு. நோய் மிக முற்றினால் முதுகெலும்பின் உட்குழல் குறுகி, தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலற்றுப் போவதும் உண்டு.

இந்நோயை இந்தியாவில் முதன்முதலாக விளக்கமாக எடுத்துரைத்தவர்கள் நம் பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மருத்துவர்களே. அந்நாளில் மாகாணத்தின் பகுதியாக இருந்த நெல்லூர் மாவட்டத்தில், உடல் விறைத்து முடங்கிய மக்களை ஆராய்ந்து, ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்டு, நாயர் ஆகிய நால்வரும் 1937-ஆம் ஆண்டில் தம் கட்டுரையை வெளியிட்டனர். விதி என்றும் வாதம் என்றும் மக்கள் எண்ணியிருந்த துன்பத்தின் வேர் கிணற்றுக்குள் இருந்தது என்பது அப்போது தெளிவாயிற்று.

நம் மாவட்டத்துக்கு இது எவ்வாறு வந்தது? சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடையே பரந்த இவ்வறண்ட நிலத்தின் அடியில் இருப்பது மிகப் பழமையான கடும்பாறை. அப்பாறையின் கனிமங்கள் சிலவற்றில் புளோரைடு உண்டு. நீர் பாறையோடு நெடுங்காலம் கலந்திருந்தால் அது கரைந்து இறங்கும். மழை பொய்க்கும்போதெல்லாம் நாம் ஆழ்குழாய்க் கிணற்றை இன்னும் ஆழமாகத் தோண்டுகிறோம். நெடுநாள் பாறையிடையே தேங்கிய நீரை மேலே கொணர்கிறோம். நிலக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்களில் ஆய்வாளர் பலர் இம்மிகுதியை அளந்து காட்டியிருக்கின்றனர். எல்லாக் கிணறும் தீது என்று கருதிவிட வேண்டா. ஒரே ஊரில் ஒரு கிணறு நல்லதாகவும் அடுத்த கிணறு தீயதாகவும் இருக்கக் கூடும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது; வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக் கொள்ளலாம்.

இனி மருத்துவத்தைப் பார்ப்போம். முழங்கால்கள் உட்புறமாக வளைந்த பிள்ளைகளுக்கு எலும்பை வெட்டி நேர்படுத்தும் அறுவை உண்டு. தண்டுவடம் நசுங்கியவருக்கு அழுத்தத்தை நீக்கும் அறுவை உண்டு. வலியைத் தணிக்க மருந்து உண்டு. ஆயினும் எலும்பில் ஊறிய புளோரைடு முழுவதையும் எடுத்துவிடும் மருந்து இல்லை. அறுவை முடிந்து வீடு திரும்பிய பிள்ளை அதே கிணற்று நீரைப் பருகினால் நோய் மீண்டும் வளரும். எனவே இந்நோயில் மருத்துவரின் கை பாதி தூரந்தான் எட்டும். மறுபாதி உங்கள் கையில் இருக்கிறது.

முதல் அடையாளம் பல்லில் தெரியும். ஏறத்தாழ எட்டு வயது வரை, நிலைப்பற்கள் உருவாகும் பருவத்தில் மிகுதியான புளோரைடு உடலில் சேர்ந்தால், பற்களில் சுண்ணாம்புத் திட்டும், பிறகு பழுப்புக் கோடும் தோன்றும். எவ்வளவு துலக்கினாலும் அக்கறை போகாது. நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன் நான். வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய வயதில் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பல் துலக்காதவர் என்று எள்ளாதீர்கள்; கால் வளைந்த தோழனை விளையாட்டுத் திடலில் கேலி செய்யாதீர்கள். ஓர் ஊரில் பல பிள்ளைகளின் பற்களில் இத்தகைய கறை காணப்படுமானால், அவ்வூர்க் கிணற்றைச் சோதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தெளிந்த நீரிலும் அது இருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடோ சாகாது. நீர் ஆவியாகிக் குறைவதால், எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகையால் சோதனை ஒன்றே வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதிக்கலாம். தூய பிளாஸ்டிக் குப்பியில் எடுத்துச் சென்று, எந்தக் கிணற்று நீர் என்பதை அதன்மேல் எழுதிக் கொடுங்கள். தீயதென்று தெரிந்த கிணற்றை மூட வேண்டியதில்லை. குளிக்கவும் துவைக்கவும் அது பயன்படும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ, சோதித்துத் தேர்ந்த கிணற்று நீரையோ, தூய்மையாகச் சேமித்த மழைநீரையோ கொள்ளுங்கள். மழைநீரில் புளோரைடு இல்லையென்றே சொல்லலாம். அத்துடன் பாலும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நெல்லிக்கனியும் உணவில் இடம்பெறட்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடலையே இந்நோய் கடுமையாகத் தாக்குகிறது.

உங்கள் வேதியியல் பாடத்தில் புளோரின் என்னும் தனிமத்தைப் படித்திருப்பீர்கள். அந்தப் பாடம் தேர்வுத்தாளோடு நின்றுவிட வேண்டா. இந்த வாரமே உங்கள் வீட்டார் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, அது எப்போது சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் சோதனைக்கு நீங்களே முயலுங்கள். உங்கள் தம்பி தங்கையரின் எலும்பு இப்போதுதான் வளர்ந்து கொண்டிருக்கிறது. அதைக் காக்கும் காலமும் இதுவே.