கோடையில் பத்து நாள், கையில் ஒரு பென்சில்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் பேசச் சொன்னபோது செயலாளர் அண்ணன், "ஏற்றுமதியில் தரக் கட்டுப்பாடு பற்றிப் பேசு தம்பி" என்றார். சரிங்கண்ணா என்று தலையாட்டிவிட்டு, இப்போது ஓவியம் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேசப் போகிறேன். அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். சுற்றி வளைத்து, தரக் கட்டுப்பாட்டுக்கே வந்து சேருவேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பனியன் கம்பெனியில் நான் தரப் பொறுப்பில் இருந்தேன். குழந்தைகள் டி-சர்ட், நெஞ்சில் வட்டமாக ஒரு சிங்க முகம். பிரிண்டிங் பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியாக பிலிம் ஷீட்டில் பிரஷ்ஷால் கறுப்பு மை வைத்து டிரேசிங் போட்டவர். அந்த வேலை போன பிறகு, அதே பட்டறையில் கலர் கலக்கிக்கொண்டிருந்தார். பிரிண்ட் ஆன பீஸ் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, சிங்கம் மூஞ்சி சப்பையா இருக்குதுங்க" என்றார்.

நான் டேப்பை எடுத்து அளந்தேன். உயரம் 20 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் பையர் கொடுத்த சலுகைக்குள் இருந்தது. "அளவு சரியா இருக்குதுங்கய்யா, ஓட்டுங்க" என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

நடந்தது என்ன தெரியுமா? ரோலில் இழுவிசையோடு சுற்றியிருந்த துணியைப் பிரித்து ஒரு நாள் ஆறப்போடாமல் கட்டிங்குக்கு அனுப்பியிருந்தார்கள். பின்னல் துணி நீளவாக்கில் இழுபட்டிருந்தால், மெதுவாகத் தன் பழைய நிலைக்குச் சுருங்கும். சுருங்கும்போது மேலே இருக்கிற வட்டத்தையும் சேர்த்துச் சுருக்கும். வட்டம் நீள்வட்டம் ஆகும். ஒரு தடவை துவைத்ததும் இன்னும் மோசமானது. பையரின் ஆள் தூரத்தில் நின்று ஒரே ஒரு பார்வை பார்த்தார். டேப்பை எடுக்கவே இல்லை. 3,200 பீஸ் காதர்பேட்டையில் செகண்ட்ஸாகப் போனது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் கம்பெனியோடது, திட்டு என்னோடது, அது போகட்டும். எனக்குள் ஓடியது ஒரே கேள்விதான். நான் இன்ஜினியர். இந்தக் கல்லூரியில் முதல் வருஷமே மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஐசோமெட்ரிக்கில் வட்டத்தை நான்கு மைய முறையில் நீள்வட்டமாகப் போடக் கற்றவன். வட்டம் நீள்வட்டம் ஆனதை என் கண் ஏன் பார்க்கவில்லை? எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அந்தப் பெரியவரின் கண் எப்படிப் பார்த்தது?

அடுத்த மே மாசம் பதில் கிடைத்தது.

என் மகளைப் பத்து நாள் கோடை ஓவிய வகுப்பில் சேர்த்தோம். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், ஓய்வு பெற்ற பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் நடத்தியது. காலையில் இரண்டு மணி நேரம். நான் அவளை விட்டுவிட்டு வெளியே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் எட்டிப் பார்த்து, "வெயில்ல ஏன் சார் நிக்கறீங்க? நீங்களும் வந்து உக்காருங்க. பென்சில் இருக்குது" என்றார். ஏழு வயசுக் குழந்தைகளுக்கு நடுவில் முட்டியை மடக்கி உட்கார்ந்தேன். மகளுக்கு ஒரே வெட்கம்.

முதல் நாள் ஒரு கோட்டுப் படத்தைத் தலைகீழாக வைத்து, அப்படியே தலைகீழாகப் பார்த்து வரையச் சொன்னார். வரைந்து முடித்துத் திருப்பினால், நம்ப முடியவில்லை, மனிதன் மனிதனாகவே இருந்தான். காரணம் சிம்பிள். நேராக வைத்தால் 'இது மூக்கு' என்று மனசு முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த மூக்கை வரைந்துவிடும். தலைகீழாக வைத்தால் அது மூக்கு என்று தெரியாது. கோடு எங்கே வளைகிறது என்று கண் பார்த்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் பெட்டி எட்வர்ட்ஸ் என்ற ஓவியப் பேராசிரியை 1979-ல் எழுதிய புத்தகத்தால் உலகம் முழுக்கப் பரவிய பயிற்சி இது. அவரும் ஐந்து நாள் பட்டறை நடத்தியவர். முதல் நாள் வரைந்த சுயமுகத்தையும் கடைசி நாள் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். வலது மூளை, இடது மூளை என்று அவர் சொன்ன விளக்கம் அப்படியே சரியல்ல என்று இன்றைய மூளை விஞ்ஞானம் சொல்கிறது. பயிற்சி மட்டும் இன்றைக்கும் வேலை செய்கிறது.

இப்போதே ஒரு சோதனை செய்யலாமா? ஒரு மனிதத் தலையை மனசுக்குள் வரையுங்கள். கண்களை எங்கே வைத்தீர்கள்? முக்கால்வாசிப் பேர் நெற்றிக்குப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். இப்போது உங்கள் மோவாயிலிருந்து உச்சந்தலை வரை கையால் அளந்து பாருங்கள். கண் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கும். (சிரிப்பு.) பாருங்க, பேராசிரியர்களும் அளக்கிறார்கள்! தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். பார்த்தோம், ஆனால் கவனிக்கவில்லை.

இரண்டாம் நாள் தாளைப் பார்க்காமல், சொந்தக் கையை மட்டும் பார்த்து வரைந்தோம். மூன்றாம் நாள் நாற்காலியை விட்டுவிட்டு, நாற்காலிக் கால்களுக்கு இடையே இருக்கிற வெற்றிடத்தை வரையச் சொன்னார். அந்த இடங்கள் சரியாக வந்தால் நாற்காலி தானாக வந்து நிற்கிறது. நான்காம் நாள் பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் அளக்கும் வித்தை. ஐந்தாம் நாள் ஒரு கத்திரிக்காய், ஒரு பித்தளைச் சொம்பு, ஜன்னல் வெளிச்சம். சொம்பில் எட்டு வகைக் கறுப்பு இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன்.

அப்புறம் வாட்டர் கலர். இதில் என் இன்ஜினியரிங் கர்வம் போனது. வாட்டர் கலரில் வெள்ளை என்பது பெயிண்ட் இல்லை, தாள்தான் வெள்ளை. வெளிச்சம் வேண்டிய இடத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். லேசான நிறம் முதலில், அடர்த்தி பிறகு. தப்பு செய்தால் பின்னால் போக பட்டன் கிடையாது. என் மகள் தைரியமாகப் போட்டாள். நான் பயந்து பயந்து போட்டு, எல்லாம் சேறாகிவிட்டது.

எட்டாம் நாள் எங்களை அவிநாசிக்குக் கூட்டிப் போனார். கோயில் தேரின் சக்கரத்தைச் சற்றுக் கோணமாக நின்று வரையச் சொன்னார். நான் சக்கரம் என்றதும் வட்டம் போட்டேன். மாஸ்டர் பின்னால் வந்து நின்று, "சார், உங்களுக்குத் தெரிஞ்சதை வரைஞ்சிருக்கீங்க. அங்கே இருக்கறது என்னங்க?" என்றார். பார்த்தேன். கோணமாகப் பார்க்கிற சக்கரம் நீள்வட்டம். ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த சிங்க முகம் கண் முன்னால் வந்து நின்றது. வட்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் வட்டமாகவே பார்த்திருக்கிறேன். பெரியவர் முப்பது வருஷம் கோடு கோடாகப் பார்த்தவர். அவருக்கு டேப் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலமே அந்தப் பட்டறைக்குப் போனேன். "அய்யா, அன்னைக்கு நீங்க சொன்னது சரிங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "டீ சாப்பிடறீங்களா தம்பி?" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த டீயைக் குடிப்பதற்கு எனக்குப் பத்து நாள் படிப்பு தேவைப்பட்டது.

அன்பர்களே, பத்து நாளில் ஓவியனாகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படி விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். சென்னை ஓவியக் கல்லூரியில் வருஷக் கணக்காகப் படிக்கிறார்கள். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. ஓவியத்தோடு கைத்தொழிலையும் வளர்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அங்கே பின்னாளில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு 25 வயதில் மாணவராகச் சேர்ந்தவர். வயசாகிவிட்டது என்று சொல்லும் அண்ணன்மார்கள் இதைக் கவனிக்கவும். அவர் முன்னின்று 1966-ல் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், ஓவியர்கள் பாடிக் துணி செய்து விற்று அந்த வருமானத்தில் ஓவியம் வரைந்தார்கள். துணி சோறு போட்டது, ஓவியம் வளர்ந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியாத கணக்கா?

நமக்குப் பக்கத்திலேயே இன்னொருவர். கோவையில் 'சிட்ரா' என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்த கஸ்தூரி சீனிவாசன். மில் தொழில்நுட்பம் தெரிந்தவர், புத்தகங்கள் எழுதியவர். அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் ஓவியக் கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நூலும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

கோடைப் பயிற்சி என்பது நமக்குப் புதிதும் அல்ல. நம்மில் பலருக்குப் பள்ளியில் பாடம் எடுத்த ஓவிய ஆசிரியர்களே ஒரு கோடையில் உருவானவர்கள்தான். லோயர், ஹையர் என்று அரசு தொழில்நுட்பத் தேர்வு எழுதி, பிறகு கோடை விடுமுறையில் 42 நாள் தொழிலாசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி வந்தவர்கள். என் மாஸ்டரும் அப்படித்தான். தமிழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களும் கோடையில் குழந்தைகளுக்கு ஓவியம், இசை, நடனம் என்று பயிற்சி முகாம் நடத்துகின்றன.

தம்பி தங்கைகள் ஒன்று கேட்பீர்கள், தெரியும். "அண்ணா, இப்போ கம்ப்யூட்டரிடம் சொன்னால் சிங்கம் என்ன, யானையே வரைந்து கொடுக்கிறது. எதுக்குண்ணா பென்சில்?" கொடுக்கட்டும்ப்பா, ரொம்ப நல்லது. நானும் அதை உபயோகிக்கிறேன். ஆனால் அது கொடுத்த சிங்கத்துக்கு மூஞ்சி சப்பையா இல்லையா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். அவர்கள் கண்ணை யாரும் பென்டிரைவில் காப்பி எடுத்து வைக்கவில்லை.

கடைசியாக, நான் பேச வந்த விஷயம்.

மே மாசத்தில் நம்ம ஊர் லைன் வீடுகளை மதியம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அப்பாவும் அம்மாவும் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். பிள்ளைகள் உள்ளே, கதவு சாத்தியிருக்கும், கையில் போன். தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள், இப்போது ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள். கட்டணம் கட்டி என் மகளை நான் சேர்த்த மாதிரி அவர்களால் சேர்க்க முடியாது. கூட்டி வந்து கூட்டிப் போக ஆளும் கிடையாது. வட்டத்தை வட்டமாகப் பார்க்கிற அடுத்த கண் அந்த வீடுகளில் ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது.

நம் கல்லூரியில் பழைய டிராயிங் ஹால் இருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த மர போர்டுகளை அடுக்கிப் பின்னால் வைத்துவிட்டார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். தூசிதான், கரையான் இல்லை. ஜன்னல் வடக்குப் பார்த்தது, ஓவியத்துக்கு நாள் முழுக்க நிதானமான வெளிச்சம் தரும் திசை.

என் வேண்டுகோள் இதுதான். வருகிற மே மாசம் பத்து நாள், காலை இரண்டு மணி நேரம், 30 பிள்ளைகள். கார்ட்ரிஜ் தாள், பென்சில், வாட்டர் கலர், ஒரு டம்ளர் மோர் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 500 ரூபாய்க்குள் முடிகிறது, கடையில் விலை கேட்டுவிட்டேன். என் மாஸ்டர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளைக் கூட்டி வர, கம்பெனி வேன் வைத்திருக்கும் அண்ணன்மார்கள் இரண்டு பேர் மனசு வைத்தால் போதும். பத்து நாளோடு விட்டால் பள்ளிக்கூடம் திறந்ததும் மறந்துவிடுவார்கள். அதனால் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலைத் திறந்துவிட வேண்டும். அதற்குச் சாவியும் ஒரு ஆளும் போதும். ஆள் நான் இருக்கிறேன். சாவி முதல்வர் அய்யாவிடம் இருக்கிறது.

அந்தப் பெரியவரையும் கேட்டிருக்கிறேன். "நான் என்னத்தைங்க சொல்லித் தர்றது" என்றார். ஒரு நாள் வந்து பிரஷ்ஷைப் பிடித்துக் காட்டினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

செயலாளர் அண்ணா, தரக் கட்டுப்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேனா? சாப்பிடப் போகும் வழியில் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வேன் தருகிறவர்கள், பென்சில் வாங்கித் தருகிறவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போகவும்.